கிணற்றுக்குக் குறுக்கே ஒரு வேலி

கடற்காற்று முள்கம்பியில் மோதி 'ஙொய்ங்' என்று எழுப்பிய சத்தம்தான், கோடை லீவுக்குக் கோட்டக்குப்பத்து மாமா வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்பிய எங்களை முதலில் வரவேற்றது. பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தால், பதினான்கு கல்தூண்களும் மூன்று வரிசைக் கம்பியுமாக ஒரு புது வேலி எங்கள் தோட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றது. எங்கள் கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும். வாயில் வைக்கிற மாதிரி 'நல்ல தண்ணி' ஊறியது அந்த ஒரு கிணற்றில்தான். எனக்கு அப்போது பதினோரு வயது.

வேலி போட்டவர் பின்மனைக்காரர் கோவிந்தன், சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவர். அவருக்கு மனையை விற்றவர் ஒரு பனைமரத்தைக் காட்டி 'அதுவரைக்கும் உன்னுது' என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் கோவிந்தன் தூண் நட்டிருந்தார். தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தெருவைச் சுற்றிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்று கேட்டுத்தான் ஒவ்வொரு குடமும் எடுக்க வேண்டியிருந்தது.

அத்தா, அதாவது என் அப்பா, குவைத்தில் வேலையில் இருந்தார். செய்தி கேட்டுக் கோட்டக்குப்பத்திலிருந்து கட்டிங் பிளேயரோடு வந்து இறங்கினார் சாதிக் மாமா.

"நம்ம எடத்துல நட்டிருக்கான்க்கா. வெட்டிப் போட்டுட்டுப் போறேன்."

அம்மா பிளேயரை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார். "எடம் நம்மளுதுன்னு முதல்ல தெரியட்டும். அப்பவும் கம்பி அவரோடதுடா. நீ வெட்டினா கேசு நம்ம மேலதான் வரும்."

அதற்குப் பிறகு அம்மா பட்டாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் திண்டிவனம் தாலுகா ஆபீசுக்குப் போனார், மறுபடி போனார், நிலத்தை அளந்து காட்டச் சொல்லி மனு கொடுத்தார். அளக்கும் நாளைக் குறித்து எங்களுக்கும் கோவிந்தனுக்கும் நோட்டீஸ் வந்தபோது, நான் அதை மூன்று தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம்!

சர்வேயர் வந்து இரும்புச் சங்கிலியைக் கலகலவென்று தரையில் உதறியதும் தெருவே எங்கள் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. கணக்குப்படி ஓர் எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மணல்தான் கிடந்தது. மாமா கடப்பாரையால் குத்தினார், ஒன்றுமில்லை. இரண்டடி தள்ளிக் குத்தினார், ஒன்றுமில்லை. மூன்றாவது குத்தில் 'டங்' என்றது பாருங்கள், நான் யாரையும் கேட்காமல் குழிக்குள் கையை விட்டு மணலை அள்ளி வீசினேன். விரலுக்கடியில், கல்லின் தலையில் செதுக்கிய கூட்டல் குறி தட்டுப்பட்டது. "இருக்குது! இருக்குது!" என்று நான் போட்ட கூச்சல் உப்பளம்வரை கேட்டிருக்கும்.

அந்தக் கல்லிலிருந்து சங்கிலி நீண்டது. கிணற்றையும் தாண்டி ஏழடி எங்களுடையது. மாமா கடப்பாரையோடு முதல் தூணை நோக்கிப் பாய்ந்தார்.

"ஏம்பா, நில்லு," என்றார் சர்வேயர். "அளந்து சொல்றதுதான் என் வேலை. வேலியைப் பிடுங்க எனக்கும் அதிகாரம் இல்ல, உனக்கும் இல்ல. அவரு சம்மதிக்கணும், இல்லன்னா கோர்ட்டுக்குப் போகணும்."

எல்லோரும் கோவிந்தனைப் பார்த்தோம். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. கோர்ட்டு என்றால் எத்தனை வருடமோ. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, தூணும் கம்பியும் உங்களுது. எடுக்கலாம்னு நீங்க சொன்னாத்தான் என் தம்பி கை வைப்பான்."

அவர் குனிந்து எல்லைக்கல்லின் குறியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "பனைமரத்தக் காட்டி ஏமாத்திட்டான் தங்கச்சி. வேலிய எடுத்துடுங்க," என்றார்.

"எழுதிக் குடுத்துடுங்கண்ணே."

கூட்டம் சிரித்தது. நான் ஓடிப்போய் என் கட்டுரை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தேன். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே சர்வேயர் தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க துணி துவைக்கிற கல்லு ஓரடி அவரு மனையில இருக்குது."

சிரிப்பு நின்றது. அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இன்னைக்கே நகத்திடறோம்ண்ணே."

"அது கெடக்கட்டும் தங்கச்சி."

"அப்ப அதையும் கீழ எழுதிடுங்க."

இந்தத் தடவை கோவிந்தனே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஒரே தாளில் இரண்டு அனுமதி. கீழே அம்மாவின் கையெழுத்து, அவர் கையெழுத்து, சாட்சிக்குத் தெருக்காரர்கள் இரண்டு பேர். பிறகு பிடுங்கினோம் பாருங்கள்! மாமா ஒரு பக்கம், கோவிந்தன் ஒரு பக்கம், ஒவ்வொரு தூணும் சாயும்போது நாங்கள் 'ஓ' என்று கத்தினோம். கம்பியைச் சுருட்டி, தூண்களை எண்ணி, கட்டுக்கம்பித் துண்டுகளைக்கூடப் பொறுக்கிச் சட்டியில் போட்டு, எல்லாவற்றையும் அவர் வாசலில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அம்மா எங்களைச் சாப்பிட விட்டார்.

போன மாதம், கீழ்புத்துப்பட்டில் நான் வாங்கிய மனையை அளக்க ஆள் வந்தார். மூன்று கால் கருவி ஒன்றை நிறுத்தி, திரையைப் பார்த்து, சிறிது நேரத்திலேயே முடித்துவிட்டார். சங்கிலி இல்லை, கூச்சல் இல்லை, தோண்டிப் பார்க்க ஆள் இல்லை. பக்கத்து மனைக்காரருக்கும் நோட்டீஸ் போயிருந்தது. அவர் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கேட்டைத் திறந்து வெளியே வரவில்லை. அவர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.