அத்தை கல்யாணத்துச் சரவெடி

எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள். வேடந்தாங்கல் ஏரிக்கரை ஊர். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும், பறவைகள் வந்து இறங்கும். தீபாவளியும் அப்போதுதான் வரும். வெடித்தால் கூட்டமாக எழுந்து போய்விடும். இதில் பெரிய மனசு என்றெல்லாம் ஒன்றுமில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் எங்கள் வயலுக்குப் பாயும். யூரியா இல்லாமலே நெல் கருகருவென்று நிற்கும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, சாயங்காலம் புல் அறுக்கக் கரைக்குப் போவாள். நானும் பின்னாலேயே ஓடுவேன். அறுத்து முடித்த பிறகு நின்று பறவை பார்ப்பாள். கார்த்திகையில் கூடு கட்டும். தையில் மரம் முழுக்கக் குஞ்சு. மாசியில் கிளைக்குக் கிளை தத்தும். பங்குனியில் பறக்கப் பழகும். சித்திரையில் ஏரி காலி. அதற்குப் பிறகு அத்தை வேறு பக்கம் புல் அறுப்பாள். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் பைனாகுலரை நீட்டினால் வாங்க மாட்டாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது" என்பாள்.

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் கருங்குழி, லாரி மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்று அத்தை நிமிரவில்லை, அவரும் பேசவில்லை. தட்டு மாற்றிவிட்டார்கள்.

பந்தல், சமையல், பாய், எல்லாம் பேசினார்கள். வெடி கொண்டு வராதீர்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மற்ற ஊரில் கல்யாணத்துக்கு வெடிப்பார்கள் என்பதே எங்கள் ஆட்களுக்கு மறந்து போயிருந்தது.

முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. வேன் தெருமுனையில் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கியதும் ஒரு சரவெடியை நடுரோட்டில் நீளமாக உருட்டிவிட்டார். நான் அதைப் பூமாலை என்று நினைத்தேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். அப்பா ஓடிப் போய்ப் புது வேட்டியோடு சரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிய்யா, பத்த வெச்சிடப் போறேன்!"

"வையி. என்னியும் சேத்து வையி."

"இன்னாய்யா இது, கல்யாணமா கருமாதியா?"

"ஏரில குஞ்சு கீதுங்க சம்மந்தி. சத்தம் ஆவாது, மெரண்டு கீழ வுழுந்துடும்."

"கொக்குக்குப் பயந்துகினு பொண்ணு குடுக்கற ஊர இப்பதான் பாக்கறேன். வேட்டு இல்லன்னா மாப்ள எறங்க மாட்டாரு. டிரைவரு, வண்டியத் திருப்பு!"

எங்கள் பக்கம் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். உள்ளே அம்மா அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வேனில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் எந்தப் பக்கமும் பேசவில்லை.

அத்தை என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப் போனாள். முகத்தில் மஞ்சள். தலையில் இன்னும் பூ வைக்கவில்லை.

"வேன்ல குந்திகினு கீற மாமாவ கரை மேல இட்டுகினு போ. நான் சொன்னேன்னு சொல்லாத. நீயா ஒண்ணும் பேசாத. அவரு இன்னா கேக்கறாருன்னு மட்டும் கேட்டுகினு வா."

சண்டையில் என்னை யாரும் கவனிக்கவில்லை. வேனில் ஏறி அவர் கையைப் பிடித்தேன்.

"மாமா, வா. ஏரி பாக்கலாம்."

அவருக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. மறு பக்கக் கதவு வழியாக இறங்கி வந்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரை தேடிப் போனதெல்லாம் திரும்பும் நேரம். கூழைக்கடா, நத்தைக்குத்தி, கரண்டிவாயன் என்று வந்து வந்து இறங்கின. குஞ்சுகள் போட்ட கூச்சலில் தெருச் சண்டை கேட்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அத்தையிடம் போய் என்ன சொல்வது?

பக்கத்து மரத்தில் ஒரு நத்தைக்குத்திக் குஞ்சு கூட்டின் ஓரத்துக்கு வந்து தள்ளாடியது.

"அது வுழுந்தா இன்னா ஆவும்?" என்றார்.

"செத்துப் பூடும் மாமா."

"தாயி தூக்காதா?"

"தூக்காது."

குஞ்சு உள்ளே நகரும்வரை அவர் அசையவில்லை. பிறகு விறுவிறுவென்று இறங்கிப் போனார். அப்பாவைக் கைகொடுத்து எழுப்பினார். சரத்தைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி வேனில் போட்டார்.

"மாமா, நான் எறங்கிட்டேன். வா, உள்ள போலாம்" என்றார் தாய்மாமனிடம்.

தாய்மாமன் உள்ளே வரவில்லை. சோறும் தின்னவில்லை. வேனிலேயே படுத்துவிட்டார். விடியும்போது ஏரி முழுக்க ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"இன்னா பேஜாரு ஊருய்யா இது? இதுக்கு என் சரமே தேவல."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. இட்லி தின்றார். மாப்பிள்ளை தாலி கட்டினார். தலை தீபாவளிக்கு மாமா கம்பி மத்தாப்பு மட்டும் வாங்கி வந்தார்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் கரையிலிருந்து நான் நேராக அத்தையிடம்தான் ஓடினேன். அவள் தோட்டத்திலேயே நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கரை நேராகத் தெரியும்.

"மொதல்ல இன்னா கேட்டாரு?"

"குஞ்சு வுழுந்தா இன்னா ஆவும்னு."

"அப்புறம்?"

"தாயி தூக்காதான்னு."

அம்மா பூவை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தாளாம். இந்தத் தடவை வந்ததும் அத்தை திரும்பித் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

நாங்கள் கரையில் நின்றவரை அவள் கரைப் பக்கமே கண்ணை வைத்திருந்தாள். கடைசியாக ஒரு தடவை பறவை பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.