மூன்று மணிப் பசி

எனக்குப் பகல் மூன்று மணிக்குத்தான் பசிக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான். அதற்கு முன்னால் எத்தனை மணிக்குப் பசித்தது என்பது மறந்தே போய்விட்டது.

பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. கழனியிலிருந்து எப்போது திரும்புவார் என்பது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அவர் வந்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு எழுந்த பிறகு சட்டியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு நான் சாப்பிடுவேன். யாராவது கேட்டால், "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்டுங்க" என்பேன். அது பொய்யும் இல்லை. ஒரு மணிக்குச் சோற்றைப் பார்த்தாலும் என் வயிறு பேசாமல்தான் கிடக்கும். நல்ல மருமகள் என்று ஊர் மெச்சியது. உடம்பு பெருத்ததும் அதே ஊர், "கடைசியா சாப்புடறவ ஒடம்பா இது?" என்று சிரித்தது.

அப்புறம் சர்க்கரை வந்தது. மகள் நர்சிங் படிக்கிறாள். பரீட்சைக்கு உரக்கத்தான் படிப்பாள், நான் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் வயிற்றிலும் குடலிலும் சுரக்கும் ஹார்மோன்களைப் பற்றிய பாடம்.

"வயித்துல கிரெலின்னு ஒண்ணு சுரக்குதும்மா. பசிக்குதுன்னு மூளைக்குச் சொல்றது அதான். தெனம் எப்ப சாப்புடறமோ, அந்த நேரம் பாத்து ஏறும். சாப்புடலன்னா கொஞ்ச நேரத்துல அதுவே எறங்கிடும்."

"அப்ப எனக்கு ஏன்டி மூணு மணிக்குப் பசிக்குது?"

"நீதான் அப்புடிப் பழக்கி வச்சிருக்க."

கீரை கையிலேயே நின்றது. நானா பழக்கினேன்? யார் வீட்டுப் பந்திக்கு யார் வயிற்றைப் பழக்குவது? மறுபடி ஆயத் தொடங்கினேன்.

அவள் மேலே படித்தாள். சோறு குடலுக்கு இறங்கினால் 'போதும்' என்று சொல்ல வேறு ஹார்மோன்கள் இருக்கின்றனவாம். அந்தச் சேதி மூளைக்கு எட்ட இருபது நிமிஷமாவது ஆகுமாம். "நீ நின்னுக்கினே அள்ளிப் போட்டுக்கற. போதும்னு அது சொல்றதுக்குள்ள ரெண்டு தட்டு உள்ள போயிடுது" என்றாள். அடங்காத வயிறு என்று நானே என் வயிற்றை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். பாவம், அது சொல்லத்தான் பார்த்திருக்கிறது. உட்கார்ந்து கேட்க எனக்குத்தான் நேரமில்லை.

அவளே வழியும் சொன்னாள். யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு மணிக்கு உட்கார வேண்டும், மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். முதலில் சோறு மண்ணாக இருந்தது. "இன்னா, மகாராணிக்கு ஆச்சா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். கேட்டும் கேளாதவளாக உட்கார்ந்தேன். ஒருநாள் ரசம் கொதிக்கும்போது வயிறு கிள்ளியது. மணி ஒன்றுகூட ஆகவில்லை. பசித்ததற்காக அழுத பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குள் மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. பையனுக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. பேசி முடித்துக் கை நனைக்க அவர்கள் வீட்டார் வந்தார்கள். மணி ஒன்றாகியும் ஆண்கள் கூடத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பசி ஏறியது. சர்க்கரை மாத்திரை வேறு போட்டிருந்ததால் கை நடுங்கியது. அடுப்படியில் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பட்டுப்புடவையோடு மகள் உள்ளே வந்தாள்.

"இன்னாம்மா பண்ற? அவுங்க யாரும் இன்னும் கை நனைக்கல. பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"கை நடுங்குதுடி."

"ஒரு வாய் சக்கரை போட்டுக்க. செத்த பொறுத்துக்கம்மா."

தட்டை வாங்கி மூடி வைத்தாள். வேறு யார் பிடுங்கியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். பாடம் சொன்னவளே பிடுங்கினால் யாரிடம் போய்ச் சொல்ல? சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு அப்பளம் பொரித்தேன். பசி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவள் பாடத்தில் சொன்னபடியே இறங்கிப் போனது.

ஆண்கள் பந்தி முடிந்து பெண்கள் பந்தி நடந்தது. மகள்தான் குனிந்து குனிந்து பரிமாறினாள், நான் சாம்பார் வாளியோடு கூட நடந்தேன். காலையில் குடித்த காப்பியோடு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். பையனின் அம்மா அவள் கையைப் பிடித்து, "நீ சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

"எனக்குப் பசிக்கல அத்த. நீங்க சாப்டுங்க."

என் குரல்தான் அது. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து மனம் நிறைந்து சிரித்தார்.

"பொண்ண நல்லா பழக்கி வச்சிருக்கீங்க."