பேருந்துக்குக் கொடுத்த இடது கை

எமில் வாவ்ராவிடம் நான் முதலில் பேசியது 1955 கோதுமை அறுவடையின்போது, வெசெலி ஊர் தானியக் கிடங்கின் எடை மேடையில். அந்த ஜூன் மாதம்தான் நான் லிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துப் பட்டத்தோடு வந்திருந்தேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவின் லாரியை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, ஊரில் எல்லாரும் அவரிடம் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்.

"என்னங்க, உங்க பஸ்ஸுக்குத் தோள்பட்டை தேவலையா? வர்ற ஞாயித்துக்கிழமை பந்து எறியுமா?"

எடை முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் எமில் சிரித்தார். "டயர்ல காத்து இருந்தா எறியும்" என்றார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. கிண்டலுக்குக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது வேறு விஷயம் என்று சில வருஷம் கழித்து அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெசெலி செக்குக்காரர்களின் ஊர். பதினான்கு மைல் தள்ளி இருக்கும் கிராண்ட்ஸ் ஜெர்மன்காரர்களின் ஊர். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவருக்கொருவர் பெண் கொடுப்பார்கள், விதை கொடுப்பார்கள், தீப்பிடித்தால் தண்ணீர் வண்டியும் அனுப்புவார்கள். பேஸ்பால் என்று வந்துவிட்டால் மட்டும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எமில் கிடங்குக்கு மேலாளர், வெசெலி அணிக்கும் மேலாளர். அவருடைய தராசைச் சந்தேகப்பட்டு ஒரு விவசாயிகூட மறுபடி எடை போடச் சொன்னதில்லை. அவருக்கு இருந்த சொத்தெல்லாம் அந்தப் பெயர்தான்.

1951இல் வெசெலியின் அணிப் பேருந்து எஞ்சின் வெந்துபோய் நின்றது. ஆட்டக்காரர்கள் தானிய லாரியின் பின்னால் உட்கார்ந்து, உமியும் தூசியுமாக அடுத்த ஊர்களுக்குப் போய் இறங்கினார்கள். அணியின் பெருமையெல்லாம் அப்போது லியோ ஸ்டாசெக் என்ற இடதுகைக்காரன்தான். அவன் எறிகிற பந்து மட்டைக்குப் பக்கத்தில் வந்து சட்டென்று கீழே இறங்கும்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து எல்லாரும் பீர் குடிக்கப் போன பிறகு, எமில் உடைமாற்றும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். லியோ சட்டைக் கையைப் பல்லால் கடித்துப் பிடித்து, வலது கையால் இழுத்துக்கொண்டிருந்தான். இடது முழங்கை பிசைந்து வைத்த ரொட்டிமாவு மாதிரி உப்பியிருந்தது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லீங்க. நாலு நாள்ல வத்திரும்."

"பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு எமில் வெளியே வந்தார். இது வற்றுகிற வீக்கமில்லை என்று அவருக்குத் தோன்றியது. இப்படிப்பட்ட முழங்கையோடு மூன்று பேர் ஆட்டத்தை விட்டே போனதை அவர் பார்த்திருந்தார். மறுநாள் காலை கிராண்ட்ஸ் அணியின் மேலாளர் வெர்ன் பிட்னருக்குத் தொலைபேசியில் பேசினார்.

"லியோவைத் தர்றேன். உங்க பழைய பஸ்ஸைக் கொடு. கூட ஒரு ஆளையும் கொடு."

பிட்னர் கேட்டார்: "கை எப்படி இருக்கு அவனுக்கு?"

"நேத்துதான் உங்க ஊர்க்காரங்க பாதிப்பேர் வந்து பாத்தாங்களே. அவங்களையே கேளு."

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அப்படித்தான் எமில் பல வருஷம் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

லியோவிடம், "அங்க பால் பண்ணையில வருஷம் பூரா வேலை இருக்குப்பா, இங்க அறுவடைக்கு மட்டும்தானே" என்று சொல்லி அனுப்பினார். அன்று வீட்டுக்குப் போகும்போது, நொண்டிக் குதிரையைச் சந்தையில் தள்ளிவிட்டு வந்தவனைப் போல எமில் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

பிட்னர் நான்கு வாரம் லியோவைக் களத்தில் இறக்கவில்லை. அந்த நான்கு வாரமும் திங்கள்கிழமை பத்திரிகை வந்ததும் எமில் முதலில் விளையாட்டுப் பக்கத்தைத்தான் திருப்பினார். ஒரு வாலிபனின் கை போய்விட்டது என்ற செய்தி வராதா என்று தேடினார். ஐந்தாவது வாரம் லியோ இறங்கினான். வெசெலிக்கு எதிராகத்தான் இறங்கினான். எமிலின் ஆட்களில் ஒருவன்கூட அவன் பந்தை ஒழுங்காகத் தொடவில்லை.

அதன்பிறகு ஆறு வருஷம் அதே கதைதான். வாங்கிய பேருந்து இரண்டாவது வாரமே பாலத்தின் நடுவில் நின்றது. கூட வந்த ஆள் ஆகஸ்டில் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் பண்ணைக்குப் போய்விட்டான். ஊர் சிரித்தது. எமிலும் சேர்ந்து சிரித்தார். ஏமாளி என்ற பெயர் அவருக்கு வசதியாகவே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்ததை யாரும் தேடவில்லை.

1957 செப்டம்பரில் லியோ ஆட்டத்தை விட்டான். கிராண்ட்ஸ் மாதாகோயில் கூடத்தில் ஒரு ஞாயிறு மதிய விருந்து வைத்து எமிலையும் அழைத்திருந்தார்கள். கிண்டல் செய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தேதான் போனார். பன்றி வறுவலும் புளித்த முட்டைக்கோசும் தட்டில் வந்தன. எதிரில் பிட்னர் உட்கார்ந்திருந்தார்.

லியோ மைக்கைப் பிடித்தான். "எல்லாரும் வெசெலிக்காரரைப் பாத்துச் சிரிக்கிறீங்க. ஒண்ணு சொல்றேன். நான் வந்தப்போ என் முழங்கை பலூன் மாதிரி இருந்துச்சு. முதல் நாளே பிட்னர்கிட்ட, 'எமில் உங்ககிட்ட சொல்லியிருப்பாரே'ன்னு கேட்டேன். 'சொன்னாருப்பா, நாலு வாரம் சும்மா இரு'ன்னாரு. எதிரி ஊருக்கு ஆளை அனுப்புறப்பக்கூட மறைக்காம சொன்ன மனுஷன் அவரு. இல்லாட்டி முதல் வாரமே என் கை போயிருக்கும்."

கூடம் முழுக்கக் கைதட்டியது. எமில் பிட்னரைப் பார்த்தார். பிட்னர் குனிந்து இறைச்சியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வெர்ன்" என்றார் எமில், மெல்ல.

"சாப்பிடுய்யா. ஆறிப்போகுது."

எமில் மறைத்தது ஆறு வருஷமாக அந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்தும், எமிலின் மானத்தைக் காப்பாற்ற ஒரே வார்த்தையில் பொய் சொல்லிவிட்டு, அதைச் சொல்லிக்காட்டாமலே இருந்திருக்கிறார். பேசாமல் இருந்தால் நல்லவர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போகலாம். பேசினால் தராசுக்காரனின் நாணயம் போகும். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, வாசலில் ஆட்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த லியோவைத் தனியே கூப்பிட்டார்.

"நான் சொல்லலப்பா."

"எதை?"

"உன் கையப் பத்தி. அவரு கேட்டாரு. நான் மறைச்சிட்டேன். எனக்காக அவருதான் உன்கிட்ட பொய் சொல்லியிருக்காரு."

லியோ சிரிக்கப் பார்த்தான். எமிலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அவரு முதல் நாளே என்னை எறியவிட்டிருந்தா?"

"கை போயிருக்கும்."

"போகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"போகும்னு நெனச்சுத்தான் அனுப்பினேன்."

லியோ தன் இடது முழங்கையை வலது கையால் பிடித்துக்கொண்டான். "அன்னைக்கு என் மனைவிக்கு ஆறு மாசம்" என்றான். திரும்பி உள்ளே போய்விட்டான்.

திங்கள்கிழமை வெசெலியில் அணிக் கூட்டம், மதுக்கடையின் பின்னறையில். அங்கும் எமில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவார்கள், வெளியே போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். மளிகைக்கடை ஜெரி மேசையைத் தட்டினார்.

"அட, ஜெர்மன்காரன் தலையில மிளகாய் அரைக்கவா பாத்தே? இவ்வளவு நாள் உன்னை மக்குன்னு நெனச்சுட்டோமேய்யா."

"இதை அப்பவே சொல்லியிருந்தா பஸ்ஸைப் பத்தி ஒருத்தன் வாயைத் திறந்திருப்பானா?" என்றான் இன்னொருவன். ஆளுக்கொரு பீர் வாங்கி எமிலின் முன்னால் வரிசையாக வைத்தார்கள். அவர் ஒன்றையும் தொடவில்லை. இவர்கள் தன்னை இன்னும் கூடுதலாக நேசிப்பதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. அந்த அறையில் வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். அன்றே அணிப் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

அடுத்த அறுவடையில் ஃப்ராங்க் டிவோராக் என்ற விவசாயி மட்டும் எடைச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை போடேன், எமில்" என்றார். எமில் மறுபேச்சுப் பேசாமல் போட்டார். அதே எடைதான் வந்தது. டிவோராக்குக்கு நன்றி சொல்ல வேண்டும்போல இருந்ததாக என்னிடம் சொன்னார்.

இப்போது எமிலுக்கு அறுபத்தாறு வயது. போன வருஷம் கிடங்கு வேலையை விட்டுவிட்டார். வெசெலியில்தான் மனைவி அல்பினாவோடு இருக்கிறார், ஆட்டத்துக்குப் போவதில்லை. பிட்னர் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு எமில் போய்ப் பின்வரிசையில் நின்றார். லியோ கிராண்ட்ஸ் பால் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறான். விருந்து நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.