வாய்தாக்கா எடுத்த கொலை வழக்கு

வாய்தாக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. சீனியர் வக்கீல்களுக்கு வயிற்றுவலி வந்தாலும், மச்சினன் கல்யாணம் வந்தாலும், வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்க்கவே மறந்துபோனாலும், "அக்கா, போய் ஒரு வாய்தா வாங்கிட்டு வந்துடுங்க" என்று அவளைத்தான் அனுப்புவார்கள். அவளும் கறுப்பு அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, துக்கம் விசாரிக்கப் போகிறவள் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு நீதிபதி முன்னால் நிற்பாள். அந்த மூஞ்சிக்கு மாட்டேன் என்று சொன்ன நீதிபதி இன்னும் பிறக்கவில்லை. ஐம்பது வயதை இப்படியே எட்டிவிட்டாள். "துணி காயப்போடச் சொன்னா அதுக்கும் வாய்தா கேக்கறா" என்று அவள் புருஷன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

அப்பேர்ப்பட்டவளிடம் கொலை வழக்கு எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? வேறு எவனும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

செத்தவர் ஒரு தச்சர். ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு செய்து மாட்டியவர். குற்றவாளிக் கூண்டில் நின்றவள் அவருடைய மருமகள். ஒருநாள் மதியம் பெரியவருக்குத் தம் அறைக்குள் மாரடைப்பு வந்திருக்கிறது. கதவைத் தட்டியிருக்கிறார். பக்கத்துப் பட்டறையில் மரம் அறுக்கிற மெஷின் போட்ட கூச்சலில் எவருக்கும் கேட்கவில்லை. போன் வெளியே கூடத்தில் சார்ஜில் கிடந்தது. உடனே வெளியே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கதவு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. மருமகள் அதை இழுத்துத் திறந்ததை அடுத்த வீட்டுத் தையல்காரர் கண்ணால் பார்த்திருந்தார்.

அதோடு விட்டதா? போன மாதம்தான் அந்த மகராசி தெருவே கேட்கும்படி, "இவரை உள்ள வச்சுப் பூட்டினாத்தான் எனக்கு நிம்மதி" என்று கத்தியிருந்தாள். சாம்பார் உப்போ எதுவோ, ஏதோ ஒரு அற்பச் சண்டை. கத்துகிறவள் வேறு எதையாவது சொல்லிக் கத்தியிருக்கக் கூடாதா? புகார் கொடுத்தவள் தச்சரின் மகள், அதாவது மருமகளின் நாத்தனார். மருமகளின் சின்னப் பெண்ணையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தண்டனை உறுதியானால் ஜெயில், அப்புறம் பெண்ணும் கைக்கு வராது. புருஷன்காரன் தன் அக்கா பக்கம் நிற்பதா, பெண்டாட்டி பக்கம் நிற்பதா என்று தெரியாமல் கோர்ட் கேன்டீன் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

ஜாமீனில் வந்த மருமகளோடு வாய்தாக்கா அந்த வீட்டைப் பார்க்கப் போனாள். குறுகலான நடை. பெரியவர் அறையின் கதவு நடைப் பக்கமாகத் திறக்கிறது. ஊருக்கெல்லாம் கதவு இழைத்த மனுஷன் தம் வீட்டுக் கதவைக் கோணலாக மாட்டி, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஆயுசு முழுக்கச் சொல்லியிருக்கிறார். சாத்தினால் நிற்காது. தானே ஆடிக்கொண்டு வந்து, போகிறவர் வருகிறவர் தோளில் இடிக்கும். உள்ளே தாழ்ப்பாளே கிடையாது.

வாய்தாக்கா உள்ளே போய் ஜன்னலைப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் குனிந்தும் பார்த்தாள். வெளியே மருமகள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "நான் ஒரு பாவமும் பண்ணலக்கா" என்று சொன்னபடி சமையலறைப் பக்கம் போனாள். சடக். வாய்தாக்கா நிமிர்ந்து கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. ஐயையோ, கொலைகாரிதான்! மாமனாரை முடித்த கையோடு வக்கீலையும் முடிக்கப் பார்க்கிறாள்! ஜன்னலில் கம்பி. கத்தினால் பட்டறைச் சத்தம். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கதவை இடித்தாள்.

மருமகள் ஓடிவந்து திறந்தாள். "என்னக்கா, ஏன் இப்படி வேர்த்திருக்கு? யாரு தாழ்ப்பாள் போட்டது?"

"அடிப்பாவி, நீதாண்டி போட்ட!"

"நானா? நான் எங்கக்கா போட்டேன்? டீ வைக்கத்தானே போனேன்!"

அவள் முகத்தில் துளிப் பொய் இல்லை. வாய்தாக்கா தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு அவளை நடையில் மேலும் கீழும் நடக்கவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள். பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கை. கதவு தோளில் இடித்தால் ஒரு தள்ளு, தாழ்ப்பாளில் ஒரு சடக். கேட்டால், "இந்த வீட்ல யாரும் அப்படிப் போட மாட்டோம்க்கா" என்கிறாள். கோர்ட்டில் நாத்தனாரும் கூண்டிலேறி அதையேதான் அடித்துச் சொல்லியிருந்தாள். அது மட்டுமா, "அன்னைக்குக் காலைல நான் வந்தேன். அப்பா தூங்கிட்டிருந்தாரு, எழுப்பாம பழத்தைக் கூடத்துல வச்சுட்டுப் போனேன். நல்லாத்தான் இருந்தாரு" என்று அழுதிருந்தாள்.

வாய்தாக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, குஷியில். இதை மருமகளை வைத்துக் காட்டினால் நடிப்பு என்பார்கள். மறுநாள் கோர்ட்டில் எழுந்து நின்றதும், எல்லாரும் வாய்தா என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் அதே துக்க மூஞ்சியோடு, "ஐயா நேர்ல வந்து அந்த அறையைப் பார்க்கணும்" என்றாள். அரசு வக்கீல் கொட்டாவி விட்டார். அந்த மூஞ்சி வழக்கம்போல் ஜெயித்தது.

நீதிபதி வந்தார், கூடவே அரசு வக்கீலும் மருமகளும். அப்பா வீடு என்பதால் நாத்தனார் முன்னால் நடந்து காட்டினாள். நீதிபதி அறைக்குள் போய் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். வாய்தாக்கா நடையில் நின்றபடி சாதுவாக, "துணி துவைக்கிற இடம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

"இப்படித்தான், பின்னால. இவ அங்க நின்னு துவைச்சுக்கிட்டிருந்தேன்னு சொல்றதெல்லாம் சுத்தப் புளுகு." சொல்லிக்கொண்டே நாத்தனார் நடந்தாள். கதவு ஆடி வந்து தோளில் இடித்தது. ஒரு தள்ளு, ஒரு சடக். "எங்கப்பாவை நாய் மாதிரி அடைச்சுப் போட்டா இவ!"

வாய்தாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அரசு வக்கீலின் கொட்டாவி பாதியில் நின்றது.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மரியாதை தெரிந்த மனுஷர், மெதுவாகத்தான் தட்டினார். "யாரும்மா அங்க? கதவைத் திறங்க."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். மறுபடி தட்டல் கேட்டது. அவளால் நகர முடியவில்லை. வாய் மட்டும் "அப்பா" என்றது. வாய்தாக்காவின் சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. ஏண்டா இந்த வேலையைச் செய்தோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

மருமகள்தான் போய்த் திறந்தாள். வெளியே வந்த நீதிபதி எல்லார் முகத்தையும் பார்த்தார். விஷயம் புரிந்தது. நாத்தனாரிடம், "அன்னைக்கு நீங்க காலைல வந்ததா சொன்னீங்க இல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்று நாத்தனார் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"ஐயா!" மருமகள் குறுக்கே வந்தாள். "அண்ணி போனதுக்கப்புறம் நானும் துணியை எடுத்துக்கிட்டு இந்த வழியாத்தான் போனேன். நானே போட்டிருப்பேன்."

"வாயை மூடுடி!" வாய்தாக்கா அவள் கையை நறுக்கென்று கிள்ளினாள். தன் கட்சிக்காரியே தன் கழுத்துக்குக் கயிறு தேடினால் எந்த வக்கீல்தான் தாங்குவாள்? ஆனால் நீதிபதி கையை உயர்த்தி, "அவங்க பேசட்டும்" என்றார்.

யார் கை என்று தெரியவில்லை, யாருடையதாக இருந்தாலும் கெட்ட எண்ணத்தோடு போட்ட தாழ்ப்பாள் இல்லை என்று தீர்ப்பு வந்தது. மருமகள் விடுதலை. வக்கீல் சங்கத்து அறையில் வாய்தாக்காவுக்கு மாலை போட்டார்கள். அவள் அதைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்ற மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"லூசாடி நீ? அவ உன்னைத் தூக்குல போடப் பார்த்தவ. அவளைக் காப்பாத்தப் போய் நீ மாட்டியிருந்தா? துணி எடுத்துக்கிட்டு அந்த வழியா நீ போனியா நிஜமா?"

"இல்லக்கா. காலைலேர்ந்து பின்னாலதான் இருந்தேன்."

வாய்தாக்கா அவள் பார்வை போன பக்கம் திரும்பினாள். தெருமுனையில் நாத்தனார் சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, கிட்டே வரக் கால் எழாமல் நின்றிருந்தாள்.

"எனக்கு அவர் மாமனார்தானேக்கா" என்றாள் மருமகள். "அவங்களுக்கு அப்பா." சொல்லிவிட்டு, அண்ணியைக் கூப்பிடப் போனாள்.