பெயரைக் கேட்டார்கள்

நான் சட்ட விரிவுரையாளர். நாட்டின் பாதுகாப்புக்கென எழுதிய சட்டங்கள் பத்திரிகைக்காரர்களின் வாயை எந்த அளவுக்குக் கட்டுகின்றன என்பதை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதிவந்தேன். அதற்காகப் பாலோ என்ற சிற்றூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இளம் நிருபர் ஒருத்தியைச் சந்தித்தேன். அரசாங்க ரகசியம் என்று முத்திரை குத்திய அறிக்கை ஒன்று அவள் கைக்கு வந்திருந்தது. அவள் பத்திரிகை ஆசிரியர் பயந்துபோய்ச் செய்தியை எடுத்துவிட்டார்.

"என் பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாதுக்கா."

"வராதும்மா" என்றேன்.

ஒரு கருத்தரங்கில், பெயர் சொல்லாமல் இதைப் பேசினேன். அடுத்த வாரமே போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் என் கணவர் லீவு போட்டுவிட்டு என்னைக் காரில் கூட்டிப்போனார். ஸ்கூடாய் சாலை நெரிசலில் வண்டி ஊர்ந்தது.

"அவ பேரைக் கேட்டா சொல்லிடு லா. நமக்குப் பிள்ளைங்க இருக்கு."

நிலையத்தில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி, அம்மணி என்ற பொருளில் 'புவான்' என்று விளித்து, மரியாதையாகத்தான் மலாயில் பேசினார். "புவான், நீங்களே சட்டம் சொல்லிக்கொடுக்கிறவர். நாங்கள் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியுமே?"

தெரியும். அந்தப் பிரிவை வகுப்பில் நானே பலமுறை விளக்கியிருக்கிறேன். மறுத்தால் சிறைக்கும் போகலாம்.

"பெயர்?"

"சொல்ல மாட்டேன்."

அவர் பேனாவை மூடினார். என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அவள் எண்ணை நான் சேமிக்கவில்லை. ஆனால் என்னை அழைத்திருந்தாள். அந்தத் தடயம் எங்காவது தங்கியிருக்குமோ என்று பயந்தேன். அவளை எச்சரிக்கவும் வழியில்லை. யாரிடம் பேசினாலும் அது அவளைக் காட்டிக்கொடுக்கும். வாசலில் கார் நின்றாலே என் கணவர் எழுந்துபோய்த் திரையை விலக்கிப் பார்ப்பார். ஆனால் பெயரைச் சொல்லிவிடு என்று அவர் மறுபடி கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்கள். "இப்போதைக்கு நடவடிக்கை இல்லை" என்றார் அதே அதிகாரி. அந்த 'இப்போதைக்கு' இன்னமும் என்னோடு இருக்கிறது.

பிறகு தைரியம் வந்து அவளைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "புத்தகத்துலேர்ந்து உன் கதையை எடுத்துடுறேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு தடவை ஆசிரியர் எடுத்தாரு. நீங்களும் எடுக்காதீங்கக்கா."

எடுக்கவில்லை. அந்த அத்தியாயம் இப்போது அச்சகத்தில் இருக்கிறது.