நடிக்கிறார் என்று சொன்னேன்

ஸ்ட்ரோக் வந்த பிறகும் என் கணவருக்குக் கை கால் நன்றாகத்தான் இருந்தன. வாயும் ஓயவில்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய மனுஷன், சம்பந்தமில்லாத வார்த்தைகளைக் கோத்துக் கடகடவென்று பேசுவார். நான் சொல்வதுதான் மண்டையில் ஏறாது. தண்ணீர் கேட்டால் சிரிப்பார்; குளிக்கச் சொன்னால் வாசலுக்குப் போவார். மூளையில் பேச்சு புரிகிற இடம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார்தான். நான் நம்பவில்லை.

காரணம் ஜெபமாலை. புக்கிட் செலம்பாவில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் சொல்வோம். மற்றவர்கள் தொடங்கினால் அவரும் சேர்ந்துகொள்வார், ஒரு சொல் பிசகாது. மாதாவிடம் பேசத் தெரிந்தவருக்கு என்னிடம் பேசத் தெரியாதா என்று எனக்குள் புகைந்தது.

எங்கள் வீட்டு முறை வந்தது. கூடம் நிறைந்து பாதிப் பேர் நின்றார்கள். அவரை உள்ளே இருந்து நாற்காலி எடுத்து வரச் சொன்னேன். நாலு தரம் சொன்னேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஜெபம் மட்டும் வாயில வருது, நான் சொல்றது காதுல விழலையா? நடிக்காதீங்க!" என்று கத்தினேன்.

"விடுலா, பாவம்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"உங்களுக்குத் தெரியாதுக்கா. எல்லாம் சோம்பேறித்தனம்லா."

அவர் எழுந்து நின்றார். எதற்குத் திட்டு என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மருத்துவமனையில், பேச்சுப் பயிற்சி தரும் பெண் மேசைமேல் கரண்டி, சீப்பு, சாவி வைத்து, "சாவியை எடுங்க" என்றார். முப்பது வருஷம் லோரிச் சாவி பிடித்த கை அசையவில்லை. திட்டுவேனோ என்று என்னைத்தான் பார்த்தார். நான் ஜெபமாலையைப் பற்றிச் சொன்னேன்.

"சின்ன வயசுல மனப்பாடம் ஆனது தானா வரும்மா. அதுக்காக நீங்க பேசுறது புரியுதுன்னு இல்ல. அவருக்கு அது வேற பாஷை மாதிரி. கையைக் காட்டிச் சொல்லுங்க."

நாற்காலிப் பக்கம் ஒரு விரலை நீட்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் ஊர் முன்னால் அவர் மானத்தை வாங்கினேன். பஸ்ஸில் வீடு வரும்வரை வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, அவர் நடிக்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பிக் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்க" என்றேன்.

என் முகத்தில் கோபம் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சந்தோஷமாகச் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டது அங்கே அத்தனை பேருக்கும் புரிந்தது, அவருக்குப் புரியவில்லை.