குறையே இல்லாத கோப்பு

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. நல்ல சேதி சொன்னாலும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குடைவாள். வேலையும் அப்படித்தான் வாய்த்தது. யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்த மென்பொருள்களில், எந்தக் கோப்பில் இனிப் பிழை வரும் என்று கணிப்பாள். பழைய மாற்றங்களில் 'பிழை திருத்தம்' என்று குறித்தவற்றை எண்ணி, பிழை குறைந்தால் பச்சை, மிகுந்தால் சிவப்பு என்று தரம் பிரித்து மாதாமாதம் ஊரறிய வெளியிடுவாள். பச்சை என்றால் கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும்.

அவள் தம்பிக்குச் சிறுவயதிலேயே சர்க்கரை. இடுப்பில் கட்டிய இன்சுலின் கருவி அப்படியொரு பச்சைக் கோப்பை வைத்துத்தான் மருந்தின் அளவைக் கணக்கிடுகிறது. போன வாரம் மாடிப்படியில் மயங்கி விழுந்தான். "சரியா சாப்பிடலக்கா, அதான்" என்றான். அவளா நம்புவாள்?

"அந்தக் கோப்புல மூணு வருஷமா ஒரு பிழைகூட இல்லையாம்" என்றாள் அலுவலகத்தில். " மனுஷன் எழுதினதுதானே?"

"நல்லா இருந்தாலும் உனக்குப் பொறுக்காதே!" என்று சிரித்தார் பக்கத்து மேசைக்காரர்.

கோப்பின் மாற்றக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாமே 'சுத்தம் செய்தேன்', 'ஒழுங்குபடுத்தினேன்'. ஒன்றைத் திறந்தாள். அடுத்தடுத்து இரண்டு முறை பொத்தானை அழுத்தினால், முதலில் ஏறிய மருந்தை மறந்துவிட்டுக் கணக்குப் போடும் கோளாறு; மருந்து கூடி, சர்க்கரை இறங்கி, மயக்கம் வரும். அதைத் திருத்திவிட்டுத்தான் 'சுத்தம்' என்று எழுதியிருந்தார்கள். பெருக்கித் துடைத்த வேலைதானே என்று கருவிக் கம்பெனி அந்த மாற்றத்தை எடுக்கவேயில்லை. தம்பி இடுப்பில் இருப்பது பழையது.

கோப்பைப் பராமரிப்பவர் ஒரு கணக்கு வாத்தியார். போனில் பிடித்து உலுக்கினாள்.

"பிழைனு எழுதாம ஏன் சார் மறைச்சீங்க?"

"சரிபண்ணிட்டேனேம்மா! ஒரே ஒரு தடவை உண்மையை எழுதினேன். ஏதோ மாசப் பட்டியலாம், அதுல சிவப்புல போட்டுட்டாங்க. கூட எழுதிட்டிருந்தவங்க எல்லாம் கழண்டுட்டாங்க. அதுக்கப்புறம் எவன் பிழைனு எழுதுவான்? இப்ப எல்லாருமே இப்படித்தான்."

அந்தப் பட்டியல் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. உடனே தம்பியை அழைத்தாள்.

"அந்தக் கருவியை இனி தொடாதே. இப்பவே டாக்டருக்குப் போன் பண்ணி, ஊசிக்கு மாறணும்னு சொல்லு."

"ஏன்க்கா? ஊசியே போதும்னு நான் சொன்னப்ப, பச்சைத் தரம் வாங்கின கருவிடான்னு நீதானே கட்டவச்சே?"

"ஆமாண்டா" என்றாள். "நான்தான்."